கதை இல்லாத கடவுள்கள்: வாசகர் கேள்வி – பதில்

பண்டைய ரோமின் சொந்தத் தெய்வங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். வாசல் கடவுளை ‘ஜேனஸ்’ என்று பழகியவர்கள் இங்கே ‘யானுஸ்’ என்று படித்தால் திகைக்க வேண்டாம், இருவரும் ஒருவரே.

கேள்வி: ரோமானியர்களுக்கென்று சொந்தக் கடவுளே கிடையாது, கிரேக்கக் கடவுள்களுக்குப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்கள் என்று படித்தேன். சரியா?

பதில்: பாதி சரி. கதைகள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. கடவுள்கள் எல்லாரும் அப்படி வந்தவர்கள் அல்ல. யூப்பிட்டரின் காதல் விவகாரங்கள், மார்ஸும் வீனஸும் வலையில் சிக்கிய கதை இவையெல்லாம் கிரேக்கச் சரக்கு. பழைய ரோமானியருக்குக் கடவுளின் பிறப்பு, திருமணம், சண்டை இவற்றில் அக்கறை குறைவு. எந்தக் கடவுள், எந்த வேலைக்கு, எந்த நாளில், என்ன படையல், யார் படைப்பது என்பதுதான் அவர்கள் கேட்டது.

சொந்தத் தெய்வமா, வந்த தெய்வமா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று நாள்காட்டி. கல்லில் வெட்டியும் சுவரில் எழுதியும் கிடைத்திருக்கும் ரோமானிய நாள்காட்டிகளில் பழைய திருநாள்களின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் சேர்ந்த தகவல்கள் பொடி எழுத்தில் இருக்கும். டெர்மினுஸ், ரோபிகுஸ், கோன்சுஸ், வெஸ்டா, சாட்டுர்னுஸ் ஆகியோரின் நாள்கள் பெரிய எழுத்தில் நிற்கின்றன. அப்பல்லோ அதில் இல்லை. இரண்டாவது சோதனை, ‘ஃபிளாமென்’ எனப்படும் பூசாரிகளின் பட்டியல். ஒரு ஃபிளாமென் ஒரே தெய்வத்துக்கு உரியவர். யூப்பிட்டர், மார்ஸ், குவிரினுஸ் மூவருக்கும் பெரிய ஃபிளாமென்கள் மூவர். அடுத்த நிலையில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் பத்துப் பேருடைய தெய்வங்களின் பெயர் நமக்குத் தெரியும். செரெஸ், ஃப்ளோரா, பொமோனா போன்ற தெரிந்த பெயர்களோடு ஃபலாசர், ஃபுர்ரினா போன்ற பெயர்களும் அதில் உண்டு. ஃபுர்ரினாவுக்குப் பூசாரியும் திருநாளும் இருந்தும், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே பெயரைத் தவிர வேறொன்றும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று அறிஞர் வார்ரோ எழுதிவிட்டார். அவ்வளவு பழசு!

வந்தவர்களுக்கோ வந்த தேதியே பதிவில் இருக்கிறது. அப்பல்லோவுக்குக் கோயில் எழுந்தது கி.மு. 431. மருத்துவக் கடவுள் ஈஸ்குலாபியுஸ் எபிடாரஸிலிருந்து வந்து டைபர் ஆற்றுத் தீவில் குடியேறியது கி.மு. 291. ‘மாபெரும் அன்னை’ ஆசியா மைனரிலிருந்து ஒரு கருநிறக் கல்லின் வடிவில் வந்தது கி.மு. 204. இந்தச் சோதனைகள் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வீனஸ் என்பது நல்ல லத்தீன் பெயர். ஆனாலும் அந்தப் பெரிய எழுத்திலும் அவள் இல்லை, ஃபிளாமென் பட்டியலிலும் இல்லை.

கேள்வி: வாசல் கதவுக்கே மூன்று கடவுள்கள் இருந்தார்களாமே? கேலிக்காகச் சொன்னதா?

பதில்: கேலிக்காகச் சொன்னவர் புனித அகஸ்டின். ஒரு வாசலுக்கு ஒரு காவலாளி போதும், அவனும் மனிதன்தான். ரோமானியரோ கதவுப் பலகைக்கு ஃபோர்குலுஸ், கீலுக்கு கார்தியா, வாசற்படிக்கு லிமெந்தினுஸ் என்று மூன்று பேரை வைத்தார்கள் என்று நையாண்டி செய்தார். பெயர்கள் அவர் கற்பனை அல்ல. ரோமானியரின் பூசைப் பட்டியல்களைத் தொகுத்த வார்ரோவின் எழுத்தே அவருக்கு மூலம்.

ஆனால் கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு தெரியும். பயிர்த்தேவி செரெஸுக்கும் நிலத்தாய் டெல்லூஸுக்கும் பலியிடும்போது ஃபிளாமென் பன்னிரண்டு பெயர்களை அழைப்பார். வெர்வாக்டோர் தரிசை உடைக்கும் முதல் உழவு, ரெபராடோர் மறு உழவு, இம்போர்சிடோர் பாத்தி வரப்பு எழுப்புவது, இன்சிடோர் விதைப்பு, ஒபராடோர் விதைமேல் உழுது மூடுவது, ஒக்காடோர் பரம்படிப்பது, சர்ரிடோர் கொத்துவது, சுப்ருன்சினாடோர் களையெடுப்பு, மெஸ்ஸோர் அறுவடை, கொன்வெக்டோர் களத்துக்குச் சுமப்பது, கொண்டிடோர் சேமிப்பது, ப்ரொமிடோர் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. வரிசை மாறாது. மாறினால் விதைப்பதற்கு முன் களையெடுத்த கதைதான். உழவனின் ஓராண்டு வேலை அட்டவணையை அப்படியே எடுத்து மந்திரமாக்கியிருக்கிறார்கள். இந்தப் பெயர்களுக்கு உருவமும் இல்லை, குடும்பமும் இல்லை. வேலை மட்டும் உண்டு.

கேள்வி: யானுஸுக்கு எந்தக் கோயிலில் கதவை மூடினால் சமாதானம் என்று அர்த்தம்? இரட்டை முகம் ஏன்?

பதில்: ரோமின் ஃபோரம் சதுக்கத்தில் இருந்த சிறு கட்டடம் அது. ‘யானுஸ் ஜெமினுஸ்’ என்று பெயர். கோயில் என்பதைவிட இரு பக்கமும் கதவுள்ள ஒரு வழி என்பதே பொருத்தம். போர் நடந்தால் கதவு திறந்திருக்கும். எங்கும் சமாதானமானால் மூடுவார்கள். பலரும் தலைகீழாக நினைவில் வைப்பது இங்கேதான். மூடிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. நூமா அரசர் காலத்தில் ஒருமுறை என்பது மரபு. கார்த்தேஜோடு நடந்த முதல் பியூனிக் போருக்குப் பிறகு கி.மு. 235-ல் ஒருமுறை; அகஸ்டஸ் ஆட்சியில் தன் காலத்தில் மட்டும் மூன்று முறை மூடப்பட்டதாக அவரே கல்வெட்டில் பெருமையாகப் பதிந்துகொண்டார். பேரரசர் நீரோ தன் பங்குக்கு நாணயத்திலேயே மூடிய கதவை அச்சடித்தார்.

வாசலுக்கு உள்ளும் உண்டு, வெளியும் உண்டு. இரண்டு முகம் அதற்குத்தான். கிரேக்கத்தில் இவருக்கு இணையே கிடையாது என்று ஓவிட் கவிதையிலேயே சொல்லிவிட்டார். எந்தப் பூசையானாலும் முதல் அழைப்பு யானுஸுக்கு, கடைசி அழைப்பு பெரும்பாலும் அடுப்புத்தீயின் தேவி வெஸ்டாவுக்கு. ஜனவரி 9-ல் ‘சடங்கு அரசர்’ என்ற பட்டம் கொண்ட பூசாரி ரெஜியா மாளிகையில் இவருக்கு ஒரு கிடாவைப் பலியிடுவார். பழைய வெண்கல நாணயத்தை அடையாளம் காண: முன்பக்கம் தாடி வைத்த இரு முகம், பின்பக்கம் கப்பலின் முனை.

கேள்வி: வெஸ்டாவின் தீ அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி ஏற்ற முடியாதா?

பதில்: முடியாது. அணைந்த தீயை வேறொரு தீயால் ஏற்றுவது அனுமதி இல்லாத காரியம். ‘நற்பேறு மரம்’ என்று வகுத்த மரத்தின் பலகையைத் துளைத்துக் கடைந்து, உராய்விலேயே புதுத் தீ பிறக்க வைக்க வேண்டும். பிறந்த தீயை வெஸ்டாவின் கன்னி ஒருத்தி வெண்கலச் சல்லடையில் ஏந்திக் கோயிலுக்குள் கொண்டுபோவாள். குவிந்த உலோகக் குழியில் வெயிலைக் குவித்து ஏற்றினார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருப்பது கிரேக்க வழக்கத்தின் நிழல் போலத் தெரிகிறது. லத்தீன் அகராதியாளர் ஃபெஸ்டுஸ் தரும் மரம் கடையும் முறையே ரோமுக்குப் பொருந்துகிறது. தீ அணையாத ஆண்டிலும் மார்ச் 1 அன்று, பழைய புத்தாண்டு நாளில், தீயைப் புதுப்பிப்பார்கள்.

அணையவிட்ட கன்னிக்கு பொன்டிஃபெக்ஸ் மாக்ஸிமுஸ், அதாவது தலைமைக் குரு, சவுக்கடி கொடுப்பார். கி.மு. 206-ல் இது நடந்ததை வரலாற்றாசிரியர் லிவி பதிவு செய்திருக்கிறார். கன்னிகள் ஆறு பேர். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தேர்வு. பணி 30 ஆண்டு. முதல் பத்து கற்க, அடுத்த பத்து செய்ய, கடைசிப் பத்து கற்பிக்க. அதன் பிறகு திருமணம் செய்துகொள்ளலாம், செய்துகொண்டவர்கள் சிலரே.

தீயைப் பற்றியே எல்லாரும் கேட்கிறீர்கள். இவர்களுடைய இன்னொரு வேலை அதைவிடப் பெரிது. ரோமில் பலியிடும் விலங்கின் தலைமேல் தூவ உப்பு மாவு வேண்டும். பெயர் ‘மோலா சால்சா’. பலியிடுவதைக் குறிக்கும் ‘இம்மோலாரே’ என்ற சொல்லே அந்த மோலாவிலிருந்து வந்தது. மே 7 முதல் 14 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூத்த கன்னிகள் மூவர் ‘ஃபார்’ என்ற பழைய கோதுமைக் கதிர்களைக் கூடைகளில் சேகரிப்பார்கள். உமி தானியத்தோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும் வகை அது. வறுக்காமல் குத்தினால் உமி பிரியாது. அதனால் கதிரை வறுத்து, இடித்து, அரைத்து மாவாக வைப்பார்கள். ஆண்டில் மூன்று முறை, பிப்ரவரி 15 லூபெர்காலியா, ஜூன் 9 வெஸ்டாலியா, செப்டம்பர் 13 ஆகிய நாள்களில், அந்த மாவோடு உப்பு சேர்த்து மோலா தயாராகும்.

உப்புக்கும் ஒரு முறை உண்டு. கல்லுப்பை உரலில் இடித்து, மண்சட்டியில் போட்டு, மூடி, ஜிப்சம் சாந்தால் வாயை அடைத்து, அடுப்பில் சுடுவார்கள். உள்ளே உப்பு ஒரே கட்டியாக இறுகிவிடும். அதை இரும்பு ரம்பத்தால் அறுத்து ஜாடியில் போட்டு நீர் சேர்ப்பார்கள். நீர் எங்கிருந்தும் இருக்கலாம், குழாய் வழியாக வந்தது மட்டும் ஆகாது. பதினொரு பெரிய கால்வாய்களால் தண்ணீர் கொண்டுவந்த நகரத்தில், தேவிக்கு மட்டும் ஊற்றிலிருந்து குடம் சுமந்தார்கள்.

கேள்வி: ரோமில் டைபர் கரையில் இருக்கும் வட்டமான கோயில் வெஸ்டாவுடையதுதானே? பழைய படங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

பதில்: இல்லை. அது வெற்றி ஹெர்குலிஸுக்கு உரியதாகக் கருதப்படுவது. வட்டமாக இருந்ததால் வெஸ்டா பெயர் ஒட்டிக்கொண்டது. வெஸ்டாவின் கோயில் ஃபோரத்தில் இருக்கிறது. இன்று நிற்பது 1930 வாக்கில் மீட்டெழுப்பிய ஒரு துண்டு. டைபர் கரையில் அந்த வட்டக் கோயிலுக்குப் பக்கத்திலேயே செவ்வக வடிவில் நிற்பதைத் தவறவிடாதீர்கள். அதுதான் துறைமுகக் கடவுள் போர்டூனுஸின் கோயில், அசல் ரோமானியத் தெய்வம். அதற்கும் நெடுங்காலம் ஃபோர்டூனா என்று தவறான பெயர்தான். இன்னொன்று: வெஸ்டாவின் கட்டடத்தை லத்தீனில் ‘டெம்ப்ளும்’ என்று சொல்லக்கூடாது. நிமித்திகர்கள் சடங்குபடி வரையறுத்த இடம் மட்டுமே டெம்ப்ளும். வெஸ்டாவுடையது வெறும் ‘ஐடெஸ்’, இல்லம். உள்ளே தேவியின் சிலையும் கிடையாது, தீதான் தேவி.

கேள்வி: மந்திரத்தில் ஒரு சொல் தப்பினால் என்ன செய்வார்கள்?

பதில்: முதலிலிருந்து. பெயர் ‘இன்ஸ்டௌராடியோ’, மறுபடி செய்தல். ஒரே பலியை முப்பது முறை திரும்பச் செய்த சந்தர்ப்பமும் உண்டு என்று புளூட்டார்க் சொல்கிறார். கி.மு. 176-ல் லத்தீன் திருவிழாவில் லானுவியம் ஊரின் அதிகாரி ஒரு பலியின்போது ‘ரோமானிய மக்களுக்காக’ என்ற பகுதியைச் சொல்ல மறந்துவிட்டார். விஷயம் செனட் வரை போய், குருமார் குழுவுக்கு அனுப்பப்பட்டது. தீர்ப்பு: விழா முழுவதும் மறுபடி நடக்கட்டும், பலி விலங்குகளின் செலவு லானுவியத்தின் தலையில்.

பிழை வராமல் பார்ப்பதற்கு ஏற்பாடும் அப்படியே. மூத்த பிளினியின் கணக்கில் அதிகாரிக்கு உதவ நால்வர் வேண்டும். ஒருவர் எழுத்தைப் பார்த்து முன்மொழிவார், அதிகாரி அதைப் பின்மொழிவார், ஒருவர் சொல்லுக்குச் சொல் சரிபார்ப்பார், ஒருவர் கூட்டத்தை அமைதியாக்குவார், ஒருவர் குழலூதுவார். குழல் இனிமைக்காக அல்ல. நாய் குரைப்பதோ, யாரோ அபசகுனமாக ஒரு சொல் உதிர்ப்பதோ அதிகாரியின் காதில் விழாமல் மூடத்தான். அந்தக் குழல் நடுவில் நின்றுபோனாலும் பிழையே. விளையாட்டு விழாவில் ஆடுபவன் தயங்கி நின்றாலோ, தெய்வ ரதத்தின் வாரைப் பிடித்த சிறுவன் கைவிட்டாலோ விழா கெட்டது என்று சிசரோ அடுக்குகிறார்.

அடிக்கடி திரும்பச் செய்தால் கட்டுப்படியாகாது அல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். முக்கியச் சடங்குக்கு முதல் நாளே, தெரியாமல் வரப்போகும் பிழைக்கு முன்கூட்டி ஒரு பரிகாரப் பலி கொடுத்துவிடுவது. ஒருவகைக் காப்பீடு.

கேள்வி: பூசையில் ரோமானியர் தலையை மூடிக்கொள்வது சிலைகளில் தெரிகிறது. எல்லாக் கடவுளுக்கும் அப்படியா?

பதில்: டோகா என்ற மேலாடையின் ஒரு மடிப்பைத் தலைமேல் இழுத்துக்கொள்வது ரோமானிய முறை. திறந்த தலை கிரேக்க முறை. சாட்டுர்னுஸ் பெயரில் லத்தீன், வழக்கில் கிரேக்கர்: அவருக்குத் தலையைத் திறந்தே பலி. பெரும்பலிபீடத்து ஹெர்குலிஸுக்கும் அதுவே.

கேள்வி: மார்ஸ் போர்க் கடவுள். பழைய விவசாய நூலில் அவரை வயலுக்கு அழைக்கிறார்களே?

பதில்: கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் காட்டோ எழுதிய வேளாண் நூலைச் சொல்கிறீர்கள். ரோமானிய உழவனின் பூசையறைக்குள் நேரடியாக நுழைய அதைவிட நல்ல வாசல் கிடையாது. மார்ஸ் கிரேக்க ஏரிஸ் அல்ல. ஏரிஸ் சண்டைப்பித்தர்; மார்ஸ் எல்லைக்கு வெளியே இருந்து வரும் கேட்டை உள்ளே விடாமல் நிற்பவர். எதிரிப் படையும் கேடுதான், பயிர்நோயும் கேடுதான். காட்டோவின் மந்திரம், கண்ணுக்குத் தெரிந்த நோய், தெரியாத நோய், மலட்டுத்தன்மை, நாசம் எல்லாவற்றையும் விலக்கச் சொல்கிறது. தானியம், கொடி, கன்றுகள் வளரட்டும், மேய்ப்பரும் மந்தையும் நலமாக இருக்கட்டும் என்கிறது. பன்றி, ஆடு, காளை மூன்றின் குட்டிகளையும் நிலத்தைச் சுற்றி நடத்திக்கொண்டுபோய்ப் பலியிடுவது சடங்கு. பெயர் ‘சுவோவெடௌரிலியா’, மூன்று விலங்கின் பெயரையும் ஒட்டவைத்த சொல். சகுனம் சரியாக வராவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது: ‘தந்தை மார்ஸே, அந்தப் பன்றியில் உமக்கு நிறைவு இல்லையென்றால், இந்தப் பன்றியால் பரிகாரம் செய்கிறேன்.’ எது குறையோ அது மட்டும் மறுபடி. காசைப் பார்த்துச் செலவழிக்கும் ஆள் காட்டோ!

உழவு மாடுகளின் நலத்துக்கு மார்ஸ் சில்வானுஸுக்கு நேர்த்தியும் அளவோடு வருகிறது. மாடு ஒன்றுக்கு ஃபார் கோதுமை 3 ராத்தல், பன்றிக்கொழுப்பு நாலரை ராத்தல், சதை நாலரை ராத்தல், மது 3 செக்ஸ்டாரியுஸ். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். செக்ஸ்டாரியுஸ் அரை லிட்டருக்குச் சற்று அதிகம். காட்டில், பகலில் செய்ய வேண்டும். அடிமையும் செய்யலாம், சுதந்திரனும் செய்யலாம். பெண்கள் பார்க்கக்கூடாது. முடிந்ததும் அதே இடத்தில் உடனே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

கேள்வி: படையலுக்கு வைக்கும் ‘லீபும்’ அப்பத்தை வீட்டில் செய்து பார்க்க ஆசை. அளவு கிடைக்குமா?

பதில்: அதுவும் காட்டோவிடமே இருக்கிறது. பாலாடைக்கட்டி 2 ராத்தல், மாவு 1 ராத்தல், முட்டை 1. அதாவது கட்டி சுமார் 650 கிராம், கோதுமை மாவு சுமார் 325 கிராம். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் நைசான மாவில் அரை ராத்தல் போதும் என்கிறார். கட்டியை உரலில் நன்றாக மசித்து, மாவைச் சேர்த்துப் பிசைந்து, முட்டையை விட்டு மறுபடி பிசைந்து, ரொட்டி வடிவில் தட்டி, அடியில் இலை வைத்து, சூடான அடுப்புத்தரையில் மண்மூடியால் கவிழ்த்து மூடி, மெதுவாகச் சுட வேண்டும். மூலத்தில் இருப்பது அவ்வளவே. உப்பு இல்லை, இனிப்பு இல்லை, புளிக்கவைப்பதும் இல்லை. சூடாக இருக்கும்போதே மேலே தேன் ஊற்றுவது பின்னால் பலரும் சேர்த்துக்கொண்டது.

கெடுவது இரண்டு இடங்களில். கட்டி ஈரமாக இருந்தால் அப்பம் பரந்து தட்டையாகி, நடு வேகாது. துணியில் கட்டி நீரை வடித்துவிடுங்கள். உப்பு போட்டு ஊறிய கட்டி வாங்கினால் வாயில் வைக்க முடியாது. புதிய, உப்பில்லாத கட்டிதான் வேண்டும். இரண்டாவது சூடு. ‘மெதுவாக’ என்ற சொல் அங்கே சும்மா இல்லை. அதிகச் சூட்டில் மேல்பக்கம் கருகி வெடிக்கும், உள்ளே பச்சை மாவு நிற்கும். இன்றைய ஓவனில் 180 டிகிரி செல்சியஸ் வைத்து, கனமான பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, முக்கால் மணி நேரத்துக்குப் பின் நடுவில் குச்சி குத்திப் பாருங்கள். அடியில் வைக்கும் இலை வாசனைக்கும் ஒட்டாமல் இருப்பதற்கும். பே இலை நன்றாக வரும், சாப்பிடும்முன் உரித்துவிட வேண்டும்.

கேள்வி: எல்லைக்கல்லே கடவுள் என்றால், ஒருவன் இரவோடு இரவாகக் கல்லை நகர்த்திவிட்டால் கடவுளும் நகர்ந்துவிடுவாரா?

பதில்: நகர்த்தினவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. எல்லைக்கல்லை உழுது பெயர்த்தவனும் அவன் மாடுகளும் ‘சாசெர்’, தெய்வத்துக்கு விடப்பட்டவர்கள் என்பது நூமாவின் பெயரில் வழங்கிய சட்டம். யார் கொன்றாலும் கொலைக் குற்றம் ஆகாது.

ஆனால் எல்லைக் கடவுள் டெர்மினுஸின் சாமர்த்தியம் தண்டனையில் இல்லை, நடும் முறையில் இருக்கிறது. நில அளவையாளர் சிகுலுஸ் ஃபிளாக்குஸ் விவரிக்கிறார். முதலில் கல்லுக்கு எண்ணெய் பூசி, துணியும் மாலையும் சாத்துவார்கள். குழியில் பலியின் இரத்தம் சொட்டவிட்டு, சாம்பிராணி, தானியம், தேனடை, மது எல்லாவற்றையும் போட்டு எரிப்பார்கள். எரிந்து முடிந்த சூட்டோடு, அந்தத் தணல்மேலேயே கல்லை நிறுத்தி, சுற்றிலும் கற்களைத் திணித்து இறுக்குவார்கள். கரி மண்ணுக்கடியில் மக்காது. நூறு ஆண்டு கழித்து வழக்கு வந்தால் கல்லுக்கடியில் தோண்டினால் போதும்: கரி, சாம்பல், எலும்பு, உடைந்த ஓடு கிடைத்தால் எல்லைக்கல், இல்லையென்றால் யாரோ போட்ட சும்மா கல். பூசையே சாட்சியாகிவிடுகிறது.

பிப்ரவரி 23 டெர்மினாலியா. இரு பக்கத்து உரிமையாளர்களும் வந்து, அவரவர் பக்கத்தில் மாலையும் அப்பமும் வைப்பார்கள். வீட்டுக்காரி அடுப்பிலிருந்து உடைந்த சட்டியில் தணல் கொண்டுவருவாள். மகன் கூடையைப் பிடித்துக்கொள்ள, மூன்று முறை தானியம் தீயில் விழும். சிறுமி தேனடை நீட்டுவாள். மற்றவர்கள் வெள்ளை உடையில் வாய்பேசாமல் நிற்பார்கள். ஆட்டுக்குட்டியோ பால்குடிப் பன்றியோ பலி. பிறகு அக்கம்பக்கத்தார் சேர்ந்து விருந்து. ஆண்டுக்கொரு முறை இரு தரப்பும் ஒரே கல்லைத் தொட்டுச் சாப்பிட்டால், கல் எங்கே இருக்கிறது என்பதில் பின்னால் தகராறு எழாது.

கேபிடோல் குன்றில் யூப்பிட்டருக்குப் பெருங்கோயில் கட்டியபோது, அங்கிருந்த தெய்வங்களிடம் இடம் மாறச் சம்மதம் கேட்டார்கள். டெர்மினுஸ் மறுத்துவிட்டார். அதனால் கல்லைக் கோயிலுக்குள்ளேயே விட்டு, அவருக்கு வானம் தெரிய வேண்டும் என்பதற்காக நேர்மேலே கூரையில் ஒரு துளை போட்டார்கள்.

கேள்வி: ரோபிகுஸ் என்ற கடவுளுக்கு நாய் பலி ஏன்? சிவப்பு நாய் என்கிறார்களே?

பதில்: ரோபிகோ என்றால் துரு. இரும்பில் பிடிக்கும் துருவும் கோதுமையில் பிடிக்கும் துருநோயும் லத்தீனில் ஒரே சொல். இன்று அது ‘பக்சினியா’ என்ற பூசணம் என்று தெரியும். இலையில் ஈரம் தங்கும் வசந்த இரவுகள் அதற்குத் தோது. திருநாள் ஏப்ரல் 25, பயிர் மிகவும் அஞ்ச வேண்டிய பருவம். குவிரினுஸின் ஃபிளாமென் நாயின் குடலும் ஆட்டின் குடலும் தீயிலிட்டு, சாம்பிராணியும் மதுவும் சேர்ப்பார். வேண்டுதலில் ஓவிட் வைத்த வரி அழகானது: பயிரை விட்டுவிடு, வாளையும் ஈட்டியையும் போய்ப் பிடி. இடம், கிளௌடியா சாலையில் ஐந்தாவது மைல்கல் என்று பிரேனெஸ்தே நாள்காட்டி சொல்கிறது.

சிவப்பு நாய் வேறு சடங்கு. ‘கனாரியம்’ எனப்படும் அதற்கு நிலையான தேதி கிடையாது. கதிர் உறைக்குள் வந்த பிறகு, உறையை விட்டு வெளியே வருமுன் நாள் குறிக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் நாய், இரண்டும் பயிர் என்பதால் ஒன்றாகக் கலந்து எழுதுகிறார்கள்.

கேள்வி: வீட்டுக்குள் என்ன தெய்வங்கள்? பாம்பேய் படங்களில் நடனமாடும் இருவர் யார்?

பதில்: லாரெஸ், வீட்டைக் காக்கும் தெய்வங்கள். குட்டை ஆடை பறக்க, கையில் கொம்புக் கிண்ணம் உயர்த்தி, இரு பக்கமும் நிற்பார்கள். நடுவில் தலையை மூடிப் பலியிடுபவர் வீட்டுத் தலைவரின் ‘ஜீனியுஸ்’, அதாவது அவரைக் காக்கும் ஆவி. கீழே பாம்பு. பாம்பேயில் வெட்டியுஸ் குடும்பத்தார் வீட்டுச் சுவரில் இது அப்படியே இருக்கிறது. பெனாதெஸ் சேமிப்பறையின் தெய்வங்கள். லாரெஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காட்டோ பண்ணை மேற்பார்வைக்காரிக்கு இடும் கட்டளை: மாதத்தின் கலெண்ட்ஸ் (1), நோன்ஸ் (5 அல்லது 7), ஐட்ஸ் (13 அல்லது 15) நாள்களிலும் திருநாள்களிலும் அடுப்புக்கு மேல் மாலை கட்டி, வீட்டு லாருக்கு இயன்றதை வைத்து வேண்டு. அவ்வளவுதான்.

கேள்வி: பேய் ஓட்ட அவரைக்கொட்டை வீசுவார்களாமே?

பதில்: லெமூரியா, மே 9, 11, 13. ரோமானியத் திருநாள்கள் பெரும்பாலும் ஒற்றைப்படைத் தேதியில்தான் விழும். அதனால் நடுவில் ஒருநாள் இடைவெளி. நள்ளிரவில் குடும்பத் தலைவர் வெறுங்காலோடு எழுவார். விரல்களுக்கிடையே கட்டை விரலை நீட்டிக் குறி காட்டி, ஊற்று நீரில் கை கழுவி, கருநிற அவரைகளை முகம் திருப்பிக்கொண்டே பின்னால் எறிவார். ‘இவற்றை எறிகிறேன், இவற்றால் என்னையும் என்னைச் சேர்ந்தவரையும் மீட்கிறேன்’ என்று ஒன்பது முறை. திரும்பிப் பார்த்தால் காரியம் கெட்டது: ஆவிகள் அவரைக்கொட்டை பொறுக்கும் நேரம் அது. பிறகு மறுபடி நீர் தொட்டு, வெண்கலத்தைத் தட்டி ஒலியெழுப்பி, ‘முன்னோர் ஆவிகளே, வெளியேறுங்கள்’ என்று ஒன்பது முறை. அதன் பின்தான் திரும்பலாம்.

கேள்வி: ஓர் இடத்தில் எந்தக் கடவுள் இருக்கிறார் என்றே தெரியாவிட்டால்?

பதில்: ‘நீ ஆண்தெய்வமோ பெண்தெய்வமோ, இவ்விடம் யாருக்கு உரியதோ’ என்று தொடங்குவார்கள். தோப்பில் மரம் வெட்டுமுன் பன்றி ஒன்றைப் பலியிட்டு இப்படிச் சொல்லும்படி காட்டோ எழுதியிருக்கிறார். பெயர் தப்பாகச் சொல்வதைவிடத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது பாதுகாப்பு. ஒப்பந்தப் பத்திரத்தில் ‘முதலியன’ சேர்ப்பது போல.

இதே மனம் இன்னும் நுணுக்கமாக வேலை செய்வதை ஆர்வால் சகோதரர்கள் என்ற பன்னிருவர் குழுவின் கல்வெட்டுகளில் காணலாம். தேயா தியா என்ற தேவியின் தோப்பு, ரோமிலிருந்து ஐந்தாவது மைலில் அவர்கள் பொறுப்பில் இருந்தது. தோப்புக்குள் இரும்பு நுழையக்கூடாது. கல்வெட்டு வெட்ட உளியைக் கொண்டுவந்தாலே ஒரு பரிகாரம், கொண்டுபோகும்போது இன்னொன்று. கி.பி. 183-ல் கோயிலின் கூரைமேல் ஓர் அத்திமரம் முளைத்துவிட்டது. மரத்தைப் பிடுங்க வேண்டும், கூரையைப் பழுது பார்க்க வேண்டும். மார்ஸ், யானுஸ், வெஸ்டா என்று பெரிய தெய்வங்களுக்குப் பலி கொடுத்தார்கள். ‘காப்பவன் ஆணானாலும் பெண்ணானாலும்’ என்று பெயர் தெரியாதவருக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். அதோடு அந்த ஒரு வேலைக்கென்றே மூன்று தேவியருக்கும் பலி: கீழே இறக்குவதற்கு டெஃபெருண்டா, நொறுக்குவதற்கு கொம்மோலெண்டா, எரிப்பதற்கு அடோலெண்டா.